கதிரின் முன் நின்ற கரங்கள்

ஊடுகதிரை அரபு நாட்டார் ‘அல் அஷிஅத்துஸ் ஸீனிய்யா’ என வழங்குவர். ‘ஸீன்’ எழுத்தின் கதிர்கள் என்பது பொருள். இன்றைய அரபுக் கணக்கு நூல்களில் அறியப்படாத எண்ணுக்கு ஸீன் எழுத்தே அடையாளம். 1895 நவம்பர் 8ஆம் நாள் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் இக்கதிரைக் கண்ட ராண்ட்ஜன், அதன் தன்மை இன்னதென்று விளங்காமையால் ‘எக்ஸ்’ எனக் குறித்தார். தம் அறியாமையை மறைக்காமல் பெயரிலேயே எழுதிவைத்த அந்த நேர்மை போற்றத்தக்கது. ஆயினும் நாம் ஈண்டு எழுதப் புகுந்தது கண்டவரைப் பற்றியன்று. கருவியை இயக்கக் கற்றவர்களைப் பற்றியே. மருத்துவமனையில் ‘மூச்சை அடக்குங்கள்’ என்கிறார் ஒருவர், அடக்குகிறோம். அவர் பெயரைக்கூடக் கேளாது திரும்பிவிடுகிறோம்.

1914இல் முதல் உலகப்போர் மூண்டபோது, குண்டடிபட்ட பிரெஞ்சு வீரர்களின் உடலில் உலோகத்துண்டு எங்கே தங்கியுள்ளது எனக் காட்ட ஊடுகதிர் ஒன்றே வழி. கருவிகளோ பெருநகரங்களில் மட்டும் இருந்தன. இருமுறை நோபல் பரிசு பெற்ற மேரி கியூரி அம்மையார், மோட்டார் வண்டிகளில் கருவியையும் மின்னாக்கியையும் ஏற்றிப் போர்முனைக்குக் கொண்டு சென்றார். ஏறத்தாழ இருபது வண்டிகளும் இருநூறு நிலையான கூடங்களும் அவர் முயற்சியால் அமைந்தன. வண்டியோட்டவும் அவரே கற்றுக்கொண்டார். உடன் சென்ற மகள் ஐரீனுக்கு அப்போது வயது பதினேழு.

கருவிகள் பெருகின, இயக்குவோர் இல்லை. ஆகவே 1916இல் பாரிஸ் நகரில் பெண்களுக்கென ஊடுகதிர்ப் பயிற்சி தொடங்கப்பட்டது. அது நடைபெற்ற மருத்துவமனை, 1915இல் பிரஸ்ஸல்ஸில் ஜெர்மானியரால் சுட்டுக்கொல்லப்பட்ட ஆங்கிலச் செவிலி எடித் கேவெலின் பெயர் தாங்கியது. மாணவியருள் பெரும்பாலோர் தொடக்கக் கல்வி மட்டுமே பெற்றவர்கள். அது தடையாகுமென அம்மையார் கருதவில்லை. முறையாக உழைத்தால் தேறிவிடுவர் என்பது அவர் அனுபவம். மின்சாரம், கதிரின் இயல்பு, உடலமைப்பு ஆகியவற்றில் பாடம். அதனினும் மிகுதியாகக் கைப்பயிற்சி. கற்பித்தோருள் ஐரீனும் ஒருவர்.

அவர்கள் கற்ற ஒரு கணக்கைச் சொல்லுதல் தகும். ஒரு படம் எடுத்தால் குண்டின் நிழல் தெரியும், ஆழம் தெரியாது. எனவே உடலை அசைக்காமல், கதிர்க்குழாயை மட்டும் அளந்த தொலைவுக்கு நகர்த்தி மீண்டும் படமெடுப்பர். குண்டு படத்தகட்டிலிருந்து விலகி இருக்கும் அளவுக்கு நிழலின் இடப்பெயர்ச்சி மிகும். இரு நிழல்களின் இடைவெளியை அளந்து, ஒத்த முக்கோணக் கணக்கால் ஆழத்தைக் காண்பர். தொடக்கப்பள்ளி தாண்டாத பெண் போட்ட இக்கணக்கை நம்பியே மருத்துவர் கத்தியை எடுத்தார். கணக்கு வாராதென மாணவரை விரைந்து ஒதுக்கிவிடும் நம் போன்ற ஆசிரியர்கள் இங்கே சற்றே தலைகுனிய வேண்டும்.

போர் முடிவதற்குள் ஏறத்தாழ 150 பெண்கள் பயிற்சி பெற்றனர். கியூரியின் பெயரை உலகம் அறியும். அவர்தம் பெயர்களை அறிந்தோர் மிகச் சிலர்.

பாடத்தில் ஒரு குறை இருந்தது; அது சிறு குறையன்று. கதிரின் தீங்கு முற்றிலும் அறியப்படாததன்று. அமெரிக்காவில் எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, அதனால் கைகளை இழந்து 1904இலேயே மாண்டிருந்தார். ஆயினும் போர்க்களத்தில் பாதுகாப்பு அரைகுறையாகவே இருந்தது. காயம்பட்டோர் வரிசையில் கிடக்கையில் தன் கையைப் பற்றி எண்ண எவருக்கு நேரம்? அம்மையாரைக் குற்றஞ்சாட்ட நமக்கு மனம் வரவில்லை. அவரே கதிரின் முன் நின்றார். பெற்ற மகளையும் நிறுத்தினார். எனினும் மாணவியரை அனுப்பிய ஆசிரியர் என்ற பொறுப்பு அவரை விட்டு நீங்குமா என்பதை நம்மால் எளிதில் தீர்க்க இயலவில்லை.

பாதுகாப்பு அளவுகளை வகுக்கும் பன்னாட்டுக் குழு 1928இல்தான் ஸ்டாக்ஹோமில் அமைந்தது. 1936இல் ஹாம்பர்க் நகரில், கதிரால் உயிர்நீத்தோர்க்கு அவர்தம் பெயர்கள் பொறித்த நினைவுக்கல் எழுந்தது. பின்னர் மேலும் பல பெயர்கள் சேர்ந்தன. மேரி 1934இல் இரத்தம் ஊறாமற்போன நோயால் இறந்தார். ஐரீன் 1956இல் இரத்தப் புற்றுநோய்க்கு இரையானார்.

1995இல் மேரியின் உடலைப் பாரிஸின் பாந்தியோனுக்கு மாற்றத் தோண்டியெடுத்தபோது கதிர்வீச்சை அளந்து பார்த்தனர். எதிர்பார்த்ததினும் குறைவாக இருந்தது. அவரைக் கொன்றது அவர் கண்ட ரேடியமாக இராது, போர்க்கால வண்டிகளில் ஏற்ற ஊடுகதிராகவே இருக்கக்கூடும் என வல்லுநர் கருதினர்.