கூழும் மனையும்: செங்கல்பட்டை விட்டுப் போனவர்களின் வரலாறு

இந்த மாதக் கடைசியில் நாங்கள் செங்கல்பட்டைக் காலி செய்கிறோம். வேலை மேற்கு மாவட்டம் ஒன்றுக்கு மாறியிருக்கிறது. பெட்டி கட்டுவதைவிடச் சாப்பிடுவதுதான் இப்போது அதிகமாக நடக்கிறது. இத்தனை வருடம் களப்பணிக்குப் போன காலனிகளில், "ஊரை விட்டுப் போறீங்களாமே" என்று ஒவ்வொரு வீட்டிலும் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள். நொய் போட்டுக் கிளறிய கேழ்வரகுக் கூழ், தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும். கடற்கரைப் பக்கம் போனால் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, சென்னாக்குன்னித் தொக்கு. ஏரிப் பக்கம் போனால் உளுவை, கெளுத்தி. ஒரு வீட்டில் மாட்டுக்கறி உப்புக்கண்டத்தை எண்ணெயில் வறுத்துக் கொடுத்தார்கள். அதை மென்று முடிக்கவே அரை மணி நேரம் ஆனது, அந்த அரை மணி நேரமும் பேச்சுதான்.

ஒரு ஆயா கேட்டார்: "அங்க கேவுரு கெடைக்குமா?" கிடைக்கும் என்றோம். நம்பவில்லை. ஒரு பொட்டலம் மாவும் ஒரு பொட்டலம் கருவாடும் கொடுத்து, "கருவாட்ட பேப்பர்ல சுத்தி, மேல ரெண்டு கவர் போட்டுக்கங்க. பஸ்ல வாசன வந்தா எறக்கி வுட்டுடுவான்" என்றார்.

அதே வாரத்தில் புது ஊரில் வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருந்தோம். தொலைபேசியில் பேசிய ஒரு வீட்டுக்காரர் முன்பணம், தண்ணீர், மின்சாரம் எல்லாம் பேசி முடித்துவிட்டு, "நீங்க என்ன சாப்பிடுவீங்க?" என்றார். எல்லாம் சாப்பிடுவோம் என்றோம். "சொல்லி அனுப்புறேன்" என்று வைத்தவர் பிறகு பேசவில்லை. அவர் கேட்டது சமையலைப் பற்றி இல்லை என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஆயாவின் கேள்வியையும் வீட்டுக்காரரின் கேள்வியையும் சேர்த்து யோசித்தபோதுதான், எங்களுக்கு முன்னால் இந்த மாவட்டத்தை விட்டுப் போனவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. அவர்கள் எதைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்? அவர்களைப் போக விட்டது யார்? அவர்கள் வீடு யாருடைய மனையில் நின்றது?

படியில் அளந்த வாழ்க்கை

செங்கல்பட்டு 1763இல் ஆற்காட்டு நவாப் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்த பகுதி. தமிழ்நாட்டில் கம்பெனி முதலில் வரி வசூலித்துப் பழகிய நிலங்களில் ஒன்று. இங்கே ஊர் நிலத்தின் மீது மிராசுதார்களுக்குப் பரம்பரை உரிமை. உழுதவர்களில் பெரும்பகுதியினர் சேரியில் இருந்த பறையர் மக்கள். அவர்களுக்குப் படியாள் என்று பெயர். படி அளந்து கூலி வாங்குகிறவர் படியாள். தின்னும் தானியத்தின் அளவையே ஒரு மனிதருக்குப் பெயராக வைத்த ஏற்பாடு அது.

அந்தப் படியில் பெரும்பாலும் விழுந்தது கேழ்வரகும் வரகும் கம்பும்தான். நெல்லை விளைவித்தவர்கள் நெல்லுச் சோறு சாப்பிட்டது அறுவடையிலும் பண்டிகையிலும். ஆகவே மீதி உணவை அவர்களே தேடிக்கொண்டார்கள். வரப்பில் பண்ணைக்கீரை, வேலியில் கோவைக்கீரை, வயலில் நண்டும் நத்தையும், மழைக்குப் பின் ஈசல், ஏரி வற்றும்போது மீன், கடற்கரையிலிருந்து தலைச்சுமையாக வரும் கருவாடு. செத்த மாட்டை அகற்றுவது சாதி விதித்த கடமை. அதன் இறைச்சிதான் அதற்குக் கூலி. ஒரு நாளில் தின்று தீராததை உப்பிட்டு வெயிலில் காய வைத்ததே உப்புக்கண்டம்.

இன்று இதைப் 'பாரம்பரிய உணவு' என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் மண் கலயத்தில் விற்கிறார்கள். நாமும் சப்புக்கொட்டிச் சாப்பிடுகிறோம், தப்பில்லை. மராத்தியில் ஷாகு பாடோலே 2015இல் எழுதிய நூல் மராத்வாடா தலித் சமையலறைகளின் உணவை வெட்கப்படாமலும் வேஷம் போடாமலும் பதிவு செய்தது. நமக்கும் அந்தப் பார்வை வேண்டும். இந்த ருசி நம் பாட்டிகளின் அறிவு. கையில் கிடைத்த கொஞ்சத்தை வைத்து அதை உருவாக்கினார்கள். ஆனால் ஏன் கொஞ்சம்தான் கிடைத்தது என்ற கேள்வியை ருசியில் மறந்துவிடக் கூடாது.

போகவும் விடவில்லை

இவ்வளவு கஷ்டம் என்றால் ஏன் ஊரை விட்டுப் போகவில்லை என்று கூட்டங்களில் மாணவர்கள் கேட்பதுண்டு. போக முடியாதபடிதான் எல்லாம் கட்டப்பட்டிருந்தது. கல்யாணத்துக்கு வாங்கிய கடன் அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கும். 1843இல் அடிமைமுறைக்குச் சட்ட அங்கீகாரம் நீக்கப்பட்டது. அதற்குப் பின்னும் கடன் அதே வேலையைச் செய்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் தண்டிக்கலாம் என்று 1859இல் ஒரு சட்டமே வந்தது.

கடனைவிடப் பெரிய விலங்கு மனை. சேரிக் குடிசை நின்ற இடத்தையே மிராசுதார் தன்னுடையது என்றார். கூலி கூடக் கேட்டால், வேறு ஒருவரிடம் வேலைக்குப் போனால், தரிசு நிலத்துக்கு மனுப் போட்டால், "குடிசையைப் பிரித்துக்கொண்டு போ" என்பதுதான் பதில். இருக்கச் சொன்னாலும் போகச் சொன்னாலும் வார்த்தை அவருடையதாகவே இருந்தது. நம் மக்கள் நினைத்தபடி போவதற்கும் உரிமை இல்லை, நினைத்தபடி இருப்பதற்கும் உரிமை இல்லை.

கப்பலில் ஏறிய கூழ்

அந்த நிலையில்தான் கப்பல் வந்தது. 1860 அக்டோபர் 12 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் புறப்பட்டு, நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் தொகுதி அது. 1911 வரை சுமார் 1,52,000 பேர் இப்படிப் போனார்கள். சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். கப்பல் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம் எல்லாம் எழுதியிருக்கும். வட ஆற்காடும் செங்கல்பட்டும் அந்தப் பட்டியல்களில் திரும்பத் திரும்ப வரும் ஜில்லாக்கள்.

ஐந்து வருட ஒப்பந்தம். முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங், பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடுதல். அரிசி, பருப்பு, உப்பு மீன், எண்ணெய் என்று ரேஷன். பல தோட்டங்களில் அரிசிக்குப் பதில் மக்காச்சோள மாவைக் கொடுத்தார்கள். வந்தவர்கள் அந்த மாவைப் புளிக்க வைத்துக் கூழ் காய்ச்சினார்கள். இன்றும் ஆடி மாதம் டர்பன் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுகிறார்கள். அங்கே அதை ஆங்கிலத்தில் 'போரிட்ஜ் பிரேயர்' என்கிறார்கள். தமிழ் பேசத் தெரியாத நான்காம், ஐந்தாம் தலைமுறைப் பிள்ளைகள் வரிசையில் நின்று மக்காச்சோளக் கூழ் வாங்கிக் குடிக்கிறார்கள். கேழ்வரகு போய்விட்டது, மொழியும் பெரும்பாலும் போய்விட்டது, கூழ் மட்டும் நிற்கிறது.

ஆனால் கப்பல் ஏறியதை வெறும் விடுதலையாகவும் நாம் எழுதிவிட முடியாது. சவுக்கும் நோயும் ஒப்பந்தமும் அங்கேயும் இருந்தன. ஒரு விஷயத்தில்தான் வித்தியாசம்: அங்கே ஐந்து வருடத்துக்கு ஒரு முடிவு தேதி இருந்தது, படியாளுக்கு அது இல்லை.

பஞ்சத்தின் ஒரு பவுண்டு

1876-78 பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தை அழித்தது. நிவாரண வேலைக்கு வருகிறவர்களுக்கு என்ன கொடுப்பது என்று அரசு கணக்குப் போட்டது. ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, ஒரு ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் வாங்கும் காசும் மேலே ஒரு அணாவும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்பது நம் கணக்கில் அரைக் கிலோவுக்கும் குறைவு. மண் வெட்டி, கல் சுமக்கிற ஆளுக்கு அது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். அந்தப் பஞ்ச காலத்தில்தான் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. கோவளம், மாமல்லபுரம் வழியாகத் தெற்கே போகும் அதே கால்வாய்தான். மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா வருகிறவர்கள் பல்லவர் சிற்பத்தைப் பார்க்கிறார்கள். பசியோடு வெட்டிய கைகளின் வேலையும் பக்கத்திலேயே கிடக்கிறது, அதற்குப் பெயர்ப்பலகை இல்லை.

நிலம் என்ற பதில்

1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர் இந்த மாவட்டப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். மோசமான உணவு, கடன், சொந்தமில்லாத மனை, தரிசு நிலத்துக்கு மனுப் போட்டாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை ஆகிய எல்லாவற்றையும் அடுக்கி, நிலம் கொடுங்கள் என்றார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதன் வழி வந்தது. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு. பத்து வருடத்துக்கு விற்கக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட மக்களுக்குள்ளேயேதான் கைமாற வேண்டும் என்பது நிபந்தனை.

இதே மாவட்டத்தில் மதுராந்தகம் அருகே கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர். 1900இல் நாட்டை விட்டுப் போனார். நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். கூலிக் கப்பலில் போனவர்களின் வழக்குகளுக்கு நடுவே அவர் நின்றார் என்று நினைக்கும்போது, செங்கல்பட்டின் இரண்டு விதமான போக்கு அங்கே சந்தித்ததாகத் தோன்றுகிறது. 1921இல் திரும்பி வந்தார். சட்டமன்ற உறுப்பினராகி, பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லோருக்கும் திறந்தவை என்ற தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்தார். பின்னர் அம்பேத்கருடன் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தார். கூழ் காய்ச்சவும் கிணற்றுத் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீருக்காகச் சட்டமன்றத்தில் வாதாடியவர் வெளியே போய்த் திரும்பி வந்த ஒருவர்.

நிலம் மட்டும் திரும்பவில்லை. நிபந்தனையை மீறி ஏக்கர் ஏக்கராக ஆதிக்க சாதியினர் கைக்குப் போனது. மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய மக்கள் அங்கே அம்பேத்கர் சிலையை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது காவல்துறை சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். ட்ரெமன்ஹீர் அறிக்கை எழுதிய அதே செங்கல்பட்டில், நூறு வருடம் கழித்து, அந்த அறிக்கையால் கிடைத்த நிலத்தைக் கேட்டதற்குத் துப்பாக்கிக் குண்டு.

மாசி மகத்துக் கடற்கரை

போக்கு இன்னும் நிற்கவில்லை. மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். பல மாவட்டங்களிலிருந்து இருளர் மக்கள் வந்து சேலைகளைக் கட்டிக் கூடாரம் போடுவார்கள். கன்னியம்மனைக் கும்பிடுவார்கள், கல்யாணம் நடக்கும், காது குத்துவார்கள், மணலிலேயே அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள். ஒரு முறை எங்களையும் உட்கார வைத்து மீன் குழம்பு ஊற்றினார்கள். விடிந்ததும் கூடாரம் பிரியும். சிலர் ஊருக்குப் போவார்கள், சிலர் செங்கல் சூளைக்கு. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். முன்பணத்துக்குக் கட்டுண்டு குடும்பத்தோடு சூளையில் இருப்பவர்களை மீட்கும் வேலை இன்னும் முடியவில்லை. அந்தக் கடற்கரைச் சாப்பாடு எவ்வளவு சந்தோஷமானது என்பது, அடுத்த நாள் எங்கே போகிறார்கள் என்பதைப் பார்த்தால்தான் புரியும்.

போகிறவர்களுக்கு

இதை வாசிக்கும் பலர் படிப்புக்காகவோ வேலைக்காகவோ ஊரை விட்டுப் போகப் போகிறவர்கள். தயங்காமல் போங்கள். சேரியை விட்டு வெளியேறுவது நம் முன்னோர்கள் கடன் கட்டியும் கப்பல் ஏறியும் வாங்கிய உரிமை. கிராமத்தை அம்பேத்கர் ஏன் சந்தேகத்தோடு பார்த்தார் என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஆயாவிடம் உட்கார்ந்து சாப்பிடுங்கள். கூழ் காய்ச்சும் பக்குவத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதே நோட்டில், வீட்டு மனை யார் பெயரில் இருக்கிறது, பட்டா உண்டா, தாத்தா காலத்தில் எந்த நிலத்தில் உழுதார்கள், அது எப்படிக் கைமாறியது என்பதையும் எழுதுங்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலகத்தில் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். காட்ட மறுத்தால் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பக்குவம் தெரிந்த ஆயாக்களுக்குத்தான் நிலத்தின் கதையும் தெரியும். அவர்கள் போன பிறகு கூழை எப்படியாவது காய்ச்சிவிடலாம். நிலத்தின் கதையைச் சொல்ல ஆள் இருக்காது.

எங்களுக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை. கேட்கிறவர்களிடம் அதே பதிலைத்தான் சொல்கிறோம். கருவாட்டை ஆயா சொன்னபடி பேப்பரில் சுற்றி இரண்டு கவர் போட்டு வைத்திருக்கிறோம். ஆடிக்குக் கூழ் குடிக்க வருவோம் என்று சொல்லியிருக்கிறோம், வருவோம்.