பாதுகாப்பு விசா மறுப்பு மீதான நீதிமன்ற மறுஆய்வு (ஆஸ்திரேலியா)

ஆஸ்திரேலியாவில் அகதிக்குரிய பாதுகாப்பு விசா மறுக்கப்பட்டு, நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயமும் கைவிரித்தபின் விண்ணப்பதாரர் நாடும் சட்டவழி. மனுவை 35 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஆங்கிலம் அறியாத, வழக்கறிஞர் கிடைக்காத ஒருவருக்கு இது மிகக் குறைந்த அவகாசம். ஊர் திரும்பினால் ஆபத்தா என்பதை நீதிபதி புதிதாக எடைபோடுவதில்லை. தீர்ப்பாயம் அதிகார வரம்பை மீறியதா, பதில்சொல்ல உரிய வாய்ப்பளித்ததா என்றே பார்ப்பார். பிழை தெரிந்தால் விண்ணப்பம் பொதுவாகத் தீர்ப்பாயத்துக்கே திரும்பும். விசா வழங்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இல்லை. இந்த மறுஆய்வைத் தடுக்க முயன்ற சட்டப்பிரிவின் வீச்சை, நாட்டின் உச்ச அமைப்பான உயர் நீதிமன்றம் 2003இல் சுருக்கியது. 2010இல், இலங்கைத் தமிழர் இருவர் தொடுத்த வழக்கில், கிறிஸ்துமஸ் தீவுக்குக் கடல்வழி வந்தோரின் கோரிக்கைகளையும் நடைமுறை நியாயம் வழுவாது விசாரிக்க வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.