செயலிக்கு இரு விசிறிகள்: கணினி வெப்பத்தோடு போராடிய வரலாறு



மேசைக் கணினி வாங்கும்பொழுது, "செயலிக்கு இரண்டு விசிறிகள் வேண்டும்" என்று கேட்கும் பிள்ளைகள் பலர். ஒன்று போதாதா? இரண்டு பொருத்தினால் குளிர்ச்சி இருமடங்காகுமா? பெற்றோர்க்கு இவ்வையம் எழுவது இயல்பே. இதற்கு விடை காணக் கணினியின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

செயலிக்குள் செல்லும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. அவ்வெப்பத்தை அகற்றாவிடில் கருவி பழுதாகும். இச்சிக்கல் கணினியோடு உடன்பிறந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவாகி, 1946-ஆம் ஆண்டில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட எனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அது 150 கிலோவாட் மின்சாரத்தை உட்கொண்டது. அதன் சூட்டைத் தணிக்கப் பெரிய காற்றூதிகள் தேவைப்பட்டன.

1947-ஆம் ஆண்டில் பெல் ஆய்வகத்தில் திரிதடையம் (டிரான்சிஸ்டர்) பிறந்தது. அது வெற்றிடக் குழாயினும் மிகச் சிறியது. மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கியது. 1981-ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட தனிநபர் கணினியில், இன்டெல் 8088 செயலியின் மேல் விசிறியும் இல்லை, உலோகத் தகடும் இல்லை. மின்வழங்கிப் பெட்டியில் இருந்த விசிறியே போதுமானதாயிற்று.

இந்நிலை நீடிக்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் வேகம் மிகுந்த 486 செயலிகளின் மேல் உலோகத் தகடுகள் அமர்ந்தன. 1993-ஆம் ஆண்டில் பென்டியம் வெளிவந்தது. அதன் பின்னர் தகட்டின்மேல் சிறு விசிறியைப் பொருத்துவது வழக்கமாயிற்று.

1974-ஆம் ஆண்டில் ஐபிஎம் ஆய்வாளர் இராபர்ட் டெனார்டும் அவருடைய குழுவினரும் ஒரு நெறியை வகுத்தனர். திரிதடையத்தைச் சிறிதாக்கும்பொழுது மின்னழுத்தத்தையும் அதற்கேற்பக் குறைத்தால், அதே பரப்பளவில் வெப்பம் கூடாது என்பதே அந்நெறி. முப்பது ஆண்டுக் காலம் அது தொழில்துறைக்கு வழிகாட்டியது. ஆனால், திரிதடையங்கள் மிகவும் சிறுத்தபொழுது மின்கசிவு பெருகியது. மின்னழுத்தத்தை மேலும் குறைக்க இயலவில்லை. 2004-ஆம் ஆண்டில் வந்த பென்டியம் 4 செயலிகளுள் சில 100 வாட்டைக் கடந்தன. அவ்வாண்டு மே திங்களில் இன்டெல், தேஜாஸ் என்னும் தன் அடுத்த செயலித் திட்டத்தையே கைவிட்டது. ஒரே கருவின் வேகத்தை ஏற்றிக்கொண்டே போவதை விடுத்து, 2005 முதல் ஒரே செயலியில் இரு கருக்களை அமைக்கும் வழிக்கு நிறுவனங்கள் திரும்பின. வெப்பம் ஒரு தொழில்துறையின் பாதையையே மாற்றிவிட்டது.

இதே காலத்தில் குளிர்விக்கும் கருவியும் உருமாறியது. 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் செய்துகாட்டிய வெப்பக்குழாய் கணினிக்குள் இடம்பெற்றது. செப்புக் குழாய்க்குள் இருக்கும் சிறிதளவு நீர்மம், சூடான முனையில் ஆவியாகிறது. குளிர்ந்த முனையில் மீண்டும் நீர்மமாகித் திரும்புகிறது. இக்குழாய்களில் அலுமினியத் தகடுகளை நெருக்கமாக அடுக்கியபொழுது கோபுர வடிவக் குளிர்விப்பான் உருவாயிற்று. ஆஸ்திரியாவின் நொக்துவா நிறுவனம் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட என்எச்-டி14, இரட்டைக் கோபுரமும் இரு விசிறிகளும் கொண்டது.

இனி, இரண்டாம் விசிறியின் பணியைக் காண்போம். முன்புற விசிறி காற்றைத் தகடுகளுக்குள் தள்ளுகிறது; பின்புற விசிறி அதே காற்றை வெளியே இழுக்கிறது. இரண்டின் வழியாகவும் செல்வது ஒரே காற்றுதான். ஆதலால் காற்றின் அளவு இருமடங்காவதில்லை. மேட்டில் ஏறும் வண்டியை ஒருவர் முன்னிருந்து இழுக்க, மற்றொருவர் பின்னிருந்து தள்ளுவதைப் போன்றது இது. தகடுகளின் நெருக்கம் மிகுந்திருந்தால் பயன் கூடும். குறைந்திருந்தால் பயன் சொற்பமே. பெரும்பாலும் கிடைப்பது சில பாகை வெப்பக் குறைவு மட்டுமே. அல்லது, இரு விசிறிகளையும் மெதுவாகச் சுழலவிட்டு இரைச்சலைக் குறைக்கலாம்.

பொருத்தும்பொழுது கவனிக்க வேண்டியவை சில. முதலில் மின்னிணைப்பை அகற்றுதல் வேண்டும். இரு விசிறிகளும் ஒரே திசையில், பெட்டியின் பின்புறத்தை நோக்கிக் காற்றை வீச வேண்டும். எதிரெதிராக வைத்தால் ஒன்றின் உழைப்பை மற்றொன்று கெடுக்கும். பொதுவாக, விசிறியின் சட்டத்தில் குறுக்குத் தாங்கிகள் தெரியும் பக்கமே காற்று வெளியேறும் பக்கம். முன்விசிறி நினைவகப் பலகைகளில் இடிக்கிறதா என்று பார்த்துக்கொள்க. தாய்ப்பலகையில் ஒரே இணைப்பு முனை இருப்பின், இரண்டாகப் பிரியும் கம்பியைப் பயன்படுத்தலாம். அம்முனை தாங்கும் மின்னளவைக் கையேட்டில் சரிபார்த்தல் நன்று.

ஆசிரியர்கள் மாணவர்க்கு உணர்த்த வேண்டிய ஒன்று உண்டு. எத்தனை விசிறிகள் இருந்தாலும், காற்று அறையின் வெப்பநிலைக்குக் கீழே செயலியைக் குளிர்விக்காது. 20 பாகை அறையில் சோதித்து வெளியிட்ட அளவு, நம் ஊரின் 30 பாகை அறையில் ஏறத்தாழ 10 பாகை உயர்ந்தே இருக்கும். எனவே, பெற்றோர்களே, இரண்டாம் விசிறிக்குச் செலவிடுமுன் தகடுகளில் படிந்த தூசியை நீக்குங்கள். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் காற்றுக்கு வழிவிடுங்கள். அதன் பின்னும் சூடு தணியவில்லையெனில், பிள்ளை கேட்ட விசிறியைத் தயங்காமல் வாங்கிக் கொடுக்கலாம்.