உங்க ரேஷன் கார்டுல இருக்கிற கோபுரம் எந்த ஊர்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லின்னு எந்தத் தாலுகா ஆபீஸுக்குப் போனாலும் ஒரு கோபுரம் கண்ணுல படும். ஸ்கூல் புத்தகம், பத்தாவது மார்க் ஷீட், ஸ்மார்ட் ரேஷன் கார்டுன்னு அதைக் கையிலேயே வெச்சிருக்கோம். ஆனா, அது எந்த ஊர் கோபுரம்?

'ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில்'னு டக்குனு சொல்வீங்க. போட்டித்தேர்வுக்குப் படிக்கிறவங்களும் இதைத்தான் மனப்பாடம் செய்றாங்க. ஆனா, 1949-ல் இந்தச் சின்னத்தை வரைஞ்ச ஓவியர் ஆர்.கிருஷ்ணா ராவ் சொன்னது வேற. மதுரைக்காரரான அவர், மீனாட்சி அம்மன் கோயிலின் மேற்குக் கோபுரத்தைப் பார்த்துதான் வரைஞ்சதா சொல்லியிருக்கார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்துக்கு 11 நிலை, மதுரைக் கோபுரத்துக்கு 9. 'அப்போ எண்ணிப் பார்த்துடலாமே'ன்னு தோணும். கார்டுல அச்சாகியிருக்கிற சைஸுக்கு, ஜூம் பண்ணினா கண்ணுதான் வலிக்கும்!

அப்போ இது சென்னை மாகாணம். 'தமிழ்நாடு'ங்கிற பெயர் அதிகாரபூர்வமா வந்தது 1969-ல்தான். கோபுரத்துக்கு முன்னால இருக்கிற சிங்கங்கள், சாரநாத்தில் கிடைச்ச அசோகர் தூணின் உச்சியிலிருந்து வந்தவை. ரெண்டு பக்கமும் தேசியக் கொடி, கீழே 'வாய்மையே வெல்லும்'.

நார்வேயில் நகராட்சிச் சின்னத்துக்கு ஒரே உருவம், ரெண்டே நிறம்ங்கிறதுதான் வழக்கம். ட்ரோம்சோ நகரத்துக்கு நீலப் பின்னணியில ஒரு வெள்ளைக் கலைமான், அவ்வளவுதான். எல்.கே.ஜி குழந்தைகூட வரைஞ்சிடும். நம்ம சின்னத்துல கட்டடம், சிங்கம், கொடி, வாசகம்னு எல்லாமே இருக்கு.

'மதச்சார்பற்ற அரசுக்கு எதுக்குக் கோயில் கோபுரம்?'னு கேட்கிறவங்களும் உண்டு. நியாயமான கேள்விதான். கோபுரத்தைத் தமிழர் கட்டடக்கலையின் அடையாளமா பார்க்கிறவங்களுக்கு அது உறுத்தாது. சாமியின் வாசலா பார்க்கிறவங்களுக்கு உறுத்தும். எந்தக் கோயில்ங்கிற சண்டை இன்னும் ஓயாததும் அதனாலதான்னு எனக்குத் தோணுது. வெறும் கட்டடக்கலைன்னா, ஊர் பேருக்கு இவ்வளவு மல்லுக்கட்ட மாட்டோமே!

ஒண்ணு கவனிங்க. சிங்க முத்திரையைச் சும்மா கெத்துக்காக கார்லயோ விசிட்டிங் கார்டுலயோ போட்டுக்க முடியாது. தேசிய இலச்சினையைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 2005-ம் வருஷச் சட்டப்படி, 2 வருஷம் வரை ஜெயில் அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லைன்னா ரெண்டுமே கிடைக்கலாம்.