குரல் போன பிறகு

1980 மே 18 அன்று இயான் கர்ட்டிஸ் தற்கொலை செய்துகொண்டார். வயது 23. அவர் பாடிய 'ஜாய் டிவிஷன்' குழு மறுநாள் அமெரிக்கா புறப்பட இருந்தது. யார் விலகினாலும் அந்தப் பெயரில் தொடர்வதில்லை என்பது அவர்களுக்குள் இருந்த ஒப்பந்தம். எஞ்சிய மூவர் - பெர்னார்ட் சம்னர், பீட்டர் ஹூக், ஸ்டீஃபன் மாரிஸ் - 'நியூ ஆர்டர்' ஆனார்கள். அதே ஆண்டு கில்லியன் கில்பர்ட் சேர்ந்தார்.

துக்கத்திலிருந்து நடனத்துக்கு, கிடாரிலிருந்து யந்திரத்துக்கு என்று இந்தச் சரித்திரத்தைச் சொல்லிவிடுவது சௌகரியம். ஆனால் யந்திரம் முன்பே உள்ளே வந்திருந்தது. தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் மாரிஸின் டிரம் ஒலிகளைத் தனித்தனியே பிரித்து டிஜிட்டல் கருவிகளில் செலுத்தியவர். 'குளோசர்' (1980) இசைத்தட்டிலேயே சின்தசைஸர் உண்டு. மான்செஸ்டர்க்காரர்களான இவர்கள் ஜெர்மனியின் 'கிராஃப்ட்வெர்க்'கைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

1981இல் வந்த 'மூவ்மென்ட்' முழுக்க இறந்தவரின் நிழலில் பாடப்பட்டது. சம்னரும் ஹூக்கும் கர்ட்டிஸின் ஸ்தானத்தில் நிற்கப் பார்க்கிறார்கள்; முடியவில்லை. இந்தத் தோல்வி முக்கியமானது. அதே ஆண்டின் 'எவ்ரிதிங்ஸ் கான் கிரீன்' பாட்டில் சீக்வென்ஸரின் துடிப்பு கிடாரோடு சேர்ந்து ஓடுகிறது. 1982இல் 'டெம்ப்டேஷ'னை ஹானெட் இல்லாமல் தாங்களே தயாரித்தார்கள்.

1983 மார்ச்சில் 'புளூ மண்டே', 12 அங்குலத் தட்டில், ஏறக்குறைய ஏழரை நிமிஷம். தாளம் ஓபர்ஹைம் டிரம் யந்திரத்துடையது. சீக்வென்ஸர், சம்னர் உதிரி பாகங்களை வாங்கித் தானே பூட்டியது. ஸ்வரங்களை ஒவ்வொன்றாகக் கையால் உள்ளே செலுத்த வேண்டும். கில்பர்ட் ஒரு ஸ்வரத்தை விட்டுவிட, மெட்டு தாளத்திலிருந்து சற்றே நழுவி ஓடியது. அதை அப்படியே விட்டுவிட்டார்கள். யந்திரத்தின் கறாரில் மனிதக் கை பதிந்த இடம் அது. பாடும் குரல் இரண்டு நிமிஷம் கழித்துத்தான் வருகிறது; வந்தும் ஆட்சி செய்வதில்லை. ஹூக்கின் பேஸ் கிடார் மட்டும் பழையபடி மேல் ஸ்தாயியில் மெட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஒரு பெரிய குரலுக்குப் பின் வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் குரலையே போலி செய்து அழிகிறார்கள். இவர்களும் ஒரு தட்டு முழுக்க அதைச் செய்தார்கள். பிறகு காலியான இடத்தை நிரப்பாமல், அந்தக் காலியைச் சுற்றியே கட்டினார்கள். நடனம் அப்படித்தான் சாத்தியமாயிற்று. துக்கம் தீர்ந்துவிட்டதாக நினைப்பவர்கள் அந்தத் தட்டை மறுபடியும் கேட்கலாம்.