ஒட்டுப்பலகையில் பிறந்த குட்டி ஜெட்

1937 ஏப்ரல் 12. இங்கிலாந்தின் ரக்பி நகரில் ஒரு தொழிற்சாலைக்குள், ஃபிராங்க் விட்டில் என்ற விமானப்படை அதிகாரி தான் வடிவமைத்த ஜெட் இன்ஜினை முதன்முறையாக ஓடவிட்டார். இன்ஜின் கிளம்பியது. பிறகு கட்டுக்கடங்காமல் வேகமெடுத்தது. எரிபொருள் வால்வை மூடிய பின்னும் வேகம் கூடிக்கொண்டே போனது. அந்த அலறலைக் கேட்டு, சுற்றி நின்றவர்கள் ஓட்டம் பிடித்தார்கள். காரணம் பிறகுதான் தெரிந்தது. கிளப்புவதற்கு முன்பே கசிந்த எரிபொருள் இன்ஜினுக்குள் தேங்கிக் கிடந்தது. வால்வை மூடினாலும் அது எரிந்து தீரும்வரை இன்ஜின் அடங்காது.

இன்று ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ மாதிரி விமானங்கள் பறக்கும் திடலுக்குப் போனால், ரேடியோ கண்ட்ரோலில் இயங்கும் ஜெட் விமானங்களைப் பார்க்கலாம். அவற்றின் வயிற்றில் இருப்பது நிஜமான டர்பைன் இன்ஜின். எரிவது நிஜமான விமான எரிபொருள். ஒருமுறை கிளப்பிப் பார்த்துத் தீப்பற்றாமல் போனால், உரிமையாளர் உடனே மறுபடி பொத்தானை அழுத்த மாட்டார். மூக்கைத் தூக்கிப் பிடித்து, உள்ளே தேங்கியதெல்லாம் பின்குழாய் வழியே வடியும்வரை காத்திருப்பார். விட்டிலின் இன்ஜினுக்கு நேர்ந்தது கைக்கடக்கமான இன்ஜினுக்கும் நேரும்.

அந்த விமானத்தைக் கட்டுவதிலும் தயார்படுத்துவதிலும் இப்படித்தான்: செய்யும் ஒவ்வொரு வேலைக்குப் பின்னாலும் யாரோ பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் ஒன்று இருக்கிறது. அந்தப் பாடங்களில் பெரும்பாலானவை பெரிய ஆலைகளில் அல்ல, வீட்டுப் பட்டறைகளில் கற்கப்பட்டவை. அதனால்தான் இந்தக் குட்டி இன்ஜின் பிறந்த கதை சொல்லத் தகுந்தது.

மாதிரி விமானம் கட்டுபவர்களுக்கு ஜெட் மீதான ஆசை பழையது. 1940களிலேயே அமெரிக்காவில் டைனாஜெட் என்ற பல்ஸ்ஜெட் விற்பனைக்கு வந்தது. அதில் சுழலும் பாகமே கிடையாது. மெல்லிய உலோக இதழ்கள் திறந்து மூட, விட்டுவிட்டு வெடித்து எரியும் ஒரு குழாய்தான் அது. காது கிழியும் சத்தம், பழுக்கக் காய்ந்த உடல். கம்பியில் கட்டிச் சுற்றவிடும் வேகப் போட்டிகளுக்கு அது பொருந்தியது. போர் விமானத்தின் அச்சு அசல் வடிவத்துக்குள் அதை அடக்குவது பெரும்பாடு. பிறகு வந்தது டக்டட் ஃபேன். உடலுக்குள் ஒளித்து வைத்த விசிறியை ஒரு சிறிய பிஸ்டன் இன்ஜின் சுழற்றும். பார்வைக்கு ஜெட், உள்ளே ஓடுவது ஜெட் அல்ல.

அப்படியானால் நிஜ டர்பைனைச் சுருக்கிச் செய்துவிடலாமே என்றால், விஷயம் அத்தனை சுலபமில்லை. காற்றை அழுத்திச் சூடேற்றி, பின்னால் பீய்ச்சுவதுதான் ஜெட்டின் வேலை. காற்று எவ்வளவு அழுந்தும் என்பது அதை அழுத்தும் கம்ப்ரஸர் சக்கரத்தின் விளிம்பு எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைப் பொறுத்தது. சக்கரம் சிறுக்கச் சிறுக்க, அதே விளிம்பு வேகத்துக்கு அது கூடுதல் சுற்றுகள் சுற்றியாக வேண்டும். விட்டம் 66 மில்லிமீட்டர் உள்ள சக்கரம் நிமிடத்துக்கு 1,17,000 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு விநாடிக்கு ஏறத்தாழ 400 மீட்டர் வேகத்தில் போகிறது. அது ஒலியின் வேகத்தைவிட அதிகம்.

அந்த வேகத்தைத் தாங்கும் பேரிங் வேண்டும். உள்ளங்கை நீளமே உள்ள எரியறையைக் காற்று கடக்கும் கணநேரத்துக்குள் எரிபொருள் முழுக்க எரிந்து முடிய வேண்டும். சக்கரத்துக்கும் அதன் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளியில், பெரிய இன்ஜின் பொருட்படுத்தாத ஒரு மயிரிழைகூட இங்கே திறனைத் தின்றுவிடும். இவ்வளவு சிறிய டர்பைன் தன் கம்ப்ரஸரைச் சுழற்றியது போக, விமானத்தைத் தள்ள மிச்சம் வைக்குமா என்று சந்தேகப்பட்டவர்கள் பலர். அந்தச் சந்தேகத்தில் நியாயமும் இருந்தது.

1983-ல் இங்கிலாந்தில் அந்தச் சந்தேகம் உடைந்தது. ஜெரி ஜாக்மன் தலைமையிலான சிறு குழு கட்டிய டர்பைன் இன்ஜின் ஒரு ரேடியோ கண்ட்ரோல் விமானத்தைத் தூக்கிப் பறந்தது. அதில் எரிந்தது புரொப்பேன் வாயு. வாயுவாகவே உள்ளே வருவதால் அதை ஆவியாக்கும் தொல்லை இல்லை. ஆனால் அழுத்தத்தைத் தாங்கும் உருளையையும் விமானமே சுமக்க வேண்டும். பிரான்ஸில் மிஷெல் செரியே வடிவமைத்த இன்ஜினும் புரொப்பேனில்தான் ஓடியது. அதை ஜேபிஎக்ஸ் நிறுவனம் டி-240 என்ற பெயரில் 1990களின் தொடக்கத்தில் சந்தைக்குக் கொண்டுவந்தது. காசு கொடுத்தால் வாங்கக்கூடிய முதல் மாதிரி டர்பைன் இன்ஜின் அதுதான்.

ஆனாலும் கடையில் கிடைப்பதால் மட்டும் ஒரு பொருள் பரவிவிடாது. இந்தக் கதையின் நாயகன் என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால், நான் ஜெர்மனியின் குர்ட் ஷ்ரெக்லிங்கைத்தான் சொல்வேன். சாதாரண பட்டறையில், சாதாரணக் கருவிகளைக் கொண்டு, கடையில் கிடைக்கும் பொருளில் ஒரு ஜெட் இன்ஜின் செய்ய முடியுமா என்று கேட்டவர் அவர். அந்தக் கேள்விக்கு அவர் தந்த பதில் எஃப்டி வரிசை இன்ஜின்கள்.

அவற்றின் கம்ப்ரஸர் சக்கரம் ஒட்டுப்பலகையால் ஆனது. மரத்தில் இதழ்களைச் செய்து, ஒட்டுப்பலகை வட்டில் பின்னோக்கி வளைத்து நிறுத்தி, மேலே ஒரு மூடியிட்டு, கார்பன் இழையும் எப்பாக்சி பசையும் கொண்டு இறுக்கினார். சுழலும்போது சக்கரத்தைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசையைக் கார்பன் இழை ஏற்றுக்கொண்டது. மரம் லேசாக இருப்பதால் அந்த விசையே குறைவு. கம்ப்ரஸர் இருப்பது குளிர்ந்த காற்று நுழையும் முன்பக்கத்தில். மரம் கருகுமளவு சூடு அங்கே வராது. சூடான புகையில் சுழன்று கம்ப்ரஸரை ஓட்டும் டர்பைன் சக்கரத்தையோ வெப்பம் தாங்கும் எஃகுத் தகட்டிலிருந்து வெட்டினார். வட்டமாக அறுத்த தகட்டின் ஓரத்தில் வரிசையாகக் கீறல் போட்டு, ஒவ்வொரு துண்டையும் திருகி, பிறகு அரைத்து இதழாக்கினார். ஆலைகளில் உயர்ரக உலோகக் கலவையை உருக்கி வார்க்கும் ஒரு பாகத்தை, பட்டறை மேசையில் கையாலேயே உருவாக்கிவிட்டார்.

எஃப்டி-3/64 என்ற அவருடைய இன்ஜின் நிமிடத்துக்கு சுமார் 75,000 சுற்றில் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் உந்துவிசை தந்தது. இன்றைய கணக்கில் அது சொற்பம். ஆனால் அது வாயுவுக்குப் பதில் திரவ எரிபொருளில் ஓடியது. கனமான உருளை தேவைப்படவில்லை. அதைவிட முக்கியம், அவர் அதைப் பூட்டி வைக்கவில்லை. அளவுகள், வரைபடம், செய்முறை எல்லாவற்றையும் புத்தகமாகப் போட்டார். லேத் வைத்திருக்கும் எவரும் முயலலாம் என்றானது. உலகின் பல மூலைகளிலிருந்த பொழுதுபோக்குப் பொறியாளர்கள் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தங்கள் முதல் இன்ஜினைக் கடைந்தார்கள்.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் தாமஸ் கம்ப்ஸ். காரின் டர்போசார்ஜரில் இருக்கும் அலுமினியக் கம்ப்ரஸர் சக்கரத்தை அப்படியே எடுத்துப் பயன்படுத்தினார். ஆலையில் துல்லியமாகச் செய்து, சோதித்து, உதிரிப்பாகக் கடையில் விற்பனைக்கு இருக்கும் சக்கரம் அது. அவரும் புத்தகம் எழுதினார். பிறகு ஷ்ரெக்லிங், கம்ப்ஸ், ஹெசூஸ் ஆர்தெஸ் ஆகியோரின் அனுபவம் சேர்ந்து பிறந்ததுதான் கேஜே-66. பெயரில் உள்ள 66 சக்கரத்தின் விட்டம். முன்னே சொன்ன 1,17,000 சுற்று இதன் கணக்குத்தான். உந்துவிசை ஏழரைக் கிலோ அளவுக்கு உயர்ந்தது. சிலர் முகாம் அடுப்புக்கான வாயுக் குப்பியின் உடலையே இதற்கு வெளியுறையாக்கினார்கள். வரைபடம் வெளிப்படையாக இருந்ததால், பின்னாளில் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சிறு டர்பைன்களைப் பற்றிப் படிக்க இதையே எடுத்துக்கொண்டார்கள்.

இன்னும் ஒரு தடை மிச்சமிருந்தது. அந்த நாள் இன்ஜினைக் கிளப்ப ஒருவர் முன்னாலிருந்து காற்றை ஊத வேண்டும், முதலில் பற்றவைப்பதற்கான வாயுவைத் திறக்க வேண்டும், வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே எரிபொருள் பம்ப்பை மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். கை ஒரு கணம் முந்தினால் டர்பைன் கருகும்; பிந்தினால் நெருப்பு அணையும். 1990களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் ஜெட்கேட் போன்ற நிறுவனங்கள் அந்தக் கை செய்த வேலையை ஒரு சிறிய கணினிக்குக் கொடுத்தன. ஈசியு எனப்படும் அந்தப் பெட்டி சுற்றையும் வெப்பத்தையும் நொடிக்கு நொடி கவனித்து, பம்ப்பைத் தானே ஆள்கிறது. அதன் பிறகுதான் லேத் இல்லாதவர்களும் ஜெட் பறக்கவிட ஆரம்பித்தார்கள். இன்று பத்துக் கிலோ உந்துவிசை தரும் இன்ஜின், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைவிடக் குட்டையாக, ஏறக்குறைய ஒரு கிலோ எடையில் கிடைக்கிறது.

இனி அதை ஒரு விமானத்தில் பொருத்துவோம். கண்ணாடி இழையாலும் கார்பன் இழையாலும் ஆன உடல்; அதற்குள் வலுவான இரு தண்டவாளங்கள்; அவற்றின் மேல் இன்ஜின். அதன் வாய்க்குப் பின்னால் மெல்லிய உலோகத்தில் இரட்டைச் சுவர் குழாய். இன்ஜினிலிருந்து வெளிவரும் புகையின் வெப்பம் 600 டிகிரியைத் தொடும். உள்சுவர் அதைக் கொண்டுபோக, இரு சுவர்களுக்கும் நடுவே ஓடும் குளிர்காற்று விமானத்தின் உடலைக் காக்கிறது. இன்ஜின் வாயும் குழாயும் ஒரே நேர்கோட்டில் இல்லையென்றால் வெப்பம் உடலுக்குள்ளேயே திரும்பும். அதனால் கட்டுபவர் அதிகப் பொறுமை காட்ட வேண்டிய இடம் இது.

அடுத்தது எரிபொருள் வழி. பிரதானத் தொட்டிக்கும் இன்ஜினுக்கும் இடையே ஒரு சிறு தொட்டி வைப்பார்கள். காற்றுக்குமிழியைத் தடுத்து நிறுத்துவதே அதன் ஒரே வேலை. பிஸ்டன் இன்ஜினில் ஒரு குமிழி நுழைந்தால் விக்கிவிட்டுத் தொடரும். டர்பைனில் நுழைந்தால் நெருப்பே அணைந்துவிடலாம். அணைந்தால் நடுவானில் இறக்கை மட்டுமே துணை. விமானத்தின் சமநிலையைப் பார்க்கும்போதும், பிரதானத் தொட்டியைக் காலியாகவும் இந்தச் சிறு தொட்டியை நிறைத்தும் வைத்தே பார்ப்பார்கள். தரையிறங்கும் நேரத்தில் விமானம் இருக்கப்போகும் நிலை அதுதான்.

எரிபொருள், மண்ணெண்ணெயில் நூற்றுக்கு ஐந்து பங்கு டர்பைன் எண்ணெய் கலந்தது. அந்த எண்ணெய் பேரிங்குகளுக்காக. எரிபொருளில் ஒரு சிறு பகுதி பிரிந்து பேரிங்குகளின் வழியே போய், உராய்வைத் தணித்து, அவற்றைக் குளிர்வித்து, கடைசியில் புகையோடு வெளியேறுகிறது. தனி எண்ணெய்த் தொட்டி, தனி பம்ப், தனிக் குழாய் எதுவும் வேண்டாம். ஆனால் எண்ணெய் கலக்க மறந்தால், செராமிக் குண்டுகள் கொண்ட விலையுயர்ந்த பேரிங்கும் நெடுநேரம் தாங்காது.

திடலில் விமானத்தின் மூக்கைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி நிறுத்துகிறார்கள். கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானோடு உதவியாளர் ஒருவர் தயாராக நிற்பார். தூள் தீயணைப்பான் நெருப்பை அணைக்கும், கூடவே இன்ஜினையும் கெடுக்கும். பின்னாலும், டர்பைன் சக்கரத்துக்கு நேர் பக்கவாட்டிலும் யாரும் நிற்கக் கூடாது. ரேடியோ இணைப்பு அறுந்தால் இன்ஜின் தானாக நிற்கும்படி முன்பே அமைத்திருக்க வேண்டும். பிறகு பொத்தான். மின்மோட்டார் இன்ஜினின் தண்டைச் சுழற்றுகிறது. மெல்லிய விசில் எழுகிறது. உள்ளே பக்கென்று பற்றும் ஒலி. விசில் ஏறி ஏறி, நிமிடத்துக்கு முப்பது நாற்பதாயிரம் சுற்றில் நிலைகொள்கிறது. எரிந்த மண்ணெண்ணெய் வாசனை திடலெங்கும் பரவும். விமான நிலைய ஓடுபாதை ஓரத்தில் வரும் அதே வாசனை.

பறக்கவிடுபவர் மனதில் நிறுத்த வேண்டிய இன்னொன்று உண்டு. லீவரைத் தள்ளியதும் டர்பைன் உடனே பாயாது. வேகமெடுக்கச் சில விநாடிகள் ஆகும். எனவே தரையிறங்கும்போது விசை வேண்டும் என்று தோன்றும் முன்பே விசை கொடுத்திருக்க வேண்டும். இறங்கி நிறுத்திய பிறகும் வேலை முடிவதில்லை. சூடு நூறு டிகிரிக்குக் கீழே வரும்வரை மின்மோட்டார் தண்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்படிச் செய்யாவிட்டால் டர்பைனின் சூடு முழுவதும் பேரிங்குக்குள் இறங்கிவிடும்.

ஒட்டுப்பலகையில் தொடங்கிய இந்த இன்ஜின் போன தூரம் கொஞ்சமல்ல. 2008 செப்டம்பர் 26 அன்று சுவிட்சர்லாந்தின் ஈவ் ரோஸி, முதுகில் கட்டிய இறக்கையில் நான்கு ஜெட்கேட் இன்ஜின்களோடு, பத்து நிமிடத்துக்குள் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். 2017-ல் ஜெர்மனியின் பாலன்ஸ்டெட் ஓடுதளத்தில் நீல்ஸ் ஹெர்பிரிக் பறக்கவிட்ட மாதிரி ஜெட், மணிக்கு 749 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டு கின்னஸ் பதிவில் ஏறியது.

இந்தச் சாதனைகளைவிட நான் பெரிதாக மதிப்பது ஒன்று உண்டு. ஷ்ரெக்லிங்கும் கம்ப்ஸும் தாங்கள் கண்டதை மறைத்து விற்றிருக்கலாம். எழுதி எல்லோருக்கும் கொடுத்தார்கள். ஒருவர் புத்தகத்தை இன்னொருவர் படித்து, திருத்தி, அவரும் எழுதினார். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒரு தொழில்நுட்பம் வளர்ந்து நின்றது அப்படித்தான். இன்று இன்ஜினைப் பெட்டியோடு வாங்கிப் பொருத்துபவர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான்: பறக்கவிடும் முன் அந்தப் பழைய புத்தகங்களில் ஒன்றையாவது படித்துவிடுங்கள். குமிழித் தொட்டி எதற்கு, எண்ணெய் எதற்கு, மூக்கைத் தூக்கிப் பிடிப்பது எதற்கு என்று காரணம் தெரிந்தவர்தான் கையேட்டில் எழுதியிராத கோளாறு வரும்போது சரியாக முடிவெடுப்பார்.