நாட்பட்ட சிறுநீரக நோயில் புரதச் சுட்டிகள்

சிறுநீரகத்தின் இழையங்கள் சேதமடைவதையோ அதன் வடிதிறன் குறைந்துவருவதையோ, இரத்தத்திலும் சிறுநீரிலும் தம் அளவு மாறுவதால் காட்டிக்கொடுக்கும் புரதங்கள் புரதச் சுட்டிகள் எனப்படும். வடிதிறன் நிமிடத்துக்கு 60 மில்லிலிட்டருக்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நின்றாலோ, சிறுநீரில் ஆல்புமின் கசிவது போன்ற சேதக்குறி அதே காலம் நீடித்தாலோ, அது நாட்பட்ட சிறுநீரக நோயாகக் கொள்ளப்படும். கால்வீக்கம், பசியின்மை, மூச்சுவாங்கல் ஆகியவை பெரும்பாலும் திறனின் பெரும்பகுதி போன பிறகே தோன்றுவதால், நோயை முன்கூட்டி அறிய இச்சுட்டிகளையே நம்ப வேண்டியிருக்கிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களை உள்ளடக்கிய காவிரிப் படுகையில், நாள் முழுதும் வெயிலில் குனிந்து உழைக்கும் வயல் தொழிலாளர்களுக்கு இது மேலும் பொருந்தும்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் வடிப்பான்கள் உண்டு. ஒவ்வொரு வடிப்பானும் இரத்தத்தை வடிக்கும் நுண்குழாய் முடிச்சையும், வடிந்த நீரில் உடலுக்கு வேண்டியதைத் திரும்ப உறிஞ்சும் நுண்குழலையும் கொண்டது. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடிந்தாலும் ஒன்று அல்லது இரண்டு லிட்டரே சிறுநீராக வெளியேறுவது இந்த நுண்குழல்களால்தான். சுமார் 66,000 டால்டன் எடையுள்ள ஆல்புமினை முடிச்சு பெருமளவு தடுத்து நிறுத்துகிறது. அதைவிட மிகச் சிறிய புரதங்கள் முடிச்சைக் கடந்துவிட்டாலும், நுண்குழலின் தொடக்கப் பகுதி அவற்றை உறிஞ்சி அழித்துவிடுகிறது. ஆகவே ஆல்புமின் மிகுந்தால் முதலில் முடிச்சையும், சிறு புரதங்கள் மிகுந்தால் நுண்குழலையும் ஐயுற வேண்டும். இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளாமல் நெல்வயல் நாட்டின் சிறுநீரக நோயைப் புரிந்துகொள்ள இயலாது.

லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட் 1827இல் நோயாளியின் சிறுநீரைக் கரண்டியில் ஊற்றி மெழுகுவத்திச் சுடரில் காட்டி, அது வெண்மையாகத் திரள்வதைக் கொண்டு சிறுநீரக நோயை அடையாளம் கண்டார். அதே நோக்கில், சல்போசாலிசிலிக் அமிலத்தின் சில துளிகளைத் தெளிந்த சிறுநீரில் விட்டால், புரதம் இருக்குமாயின் அது நொடிகளில் அரிசி களைந்த கழுநீர்போலக் கலங்கும். சென்னையின் மூத்த சிறுநீரகவியல் மருத்துவர் எம். கே. மணி நிறுவிய கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், சென்னைக்கு அருகே ஏறத்தாழ 25,000 மக்களிடையே இந்த எளிய சோதனையையே கையாண்டது. பயிற்சிபெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று இரத்த அழுத்தம் பார்த்து, சிறுநீரில் புரதத்தையும் சர்க்கரையையும் சோதித்து, குறை காணப்பட்டவர்களை மருத்துவரிடம் சேர்த்து, விலை மலிந்த மாத்திரைகளால் நோயைக் கட்டுப்படுத்தினர். டயாலிசிஸும் மாற்றுச் சிறுநீரகமும் எட்டாத மக்களுக்கு இத்தகைய தடுப்பு முயற்சியே உண்மையான சிகிச்சை என்பதை இப்பணி நிறுவியது.

இன்றைய ஆய்வகங்கள் ஆல்புமினைச் சிறுநீரிலுள்ள கிரியாட்டினினோடு ஒப்பிட்டு விகிதமாகக் கூறுகின்றன. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழிருப்பது இயல்பு, 300ஐத் தாண்டுவது கடுமையான கசிவு. காய்ச்சலும் கடும் உழைப்பும் ஆல்புமினைத் தற்காலிகமாக உயர்த்தும். எனவே விடியலிலிருந்து நாற்றுப் பறித்து நட்டுவிட்டு வரும் பெண்ணிடம் பிற்பகலில் எடுத்த மாதிரியை மட்டும் வைத்து முடிவு கூறலாகாது. காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரே இதற்கு ஏற்றது.

இரத்தக் கிரியாட்டினின் புரதமன்று. தசையிலிருந்து வரும் கழிவுப்பொருள். உடல் மெலிந்து தசை குறைந்தவர்களிடம் அது குறைவாகவே உருவாவதால், சிறுநீரகம் தளர்ந்த பிறகும் ஆய்வுத்தாளில் இயல்பான எண்ணே தோன்றக்கூடும். உட்கரு உள்ள எல்லா உயிரணுக்களும் சீராக உருவாக்கும் சிஸ்டாட்டின் சி என்னும் சிறு புரதம் தசையின் அளவை அவ்வளவாகச் சார்ந்திராததால், மெலிந்த முதிய விவசாயத் தொழிலாளியின் வடிதிறனை அது மேலும் நேர்மையாகக் காட்டுகிறது. தைராய்டு கோளாறும் ஸ்டீராய்டு மருந்தும் இதன் அளவை மாற்றும் என்பதும், கிரியாட்டினின் சோதனையைவிட இதற்குச் செலவு கூடுதல் என்பதும் குறைகள்.

நுண்குழல் சேதத்தைக் காட்டும் புரதங்களின் வரலாறு நெல்லோடு பின்னிப் பிணைந்தது. ஜப்பானின் ஜின்சூ ஆற்றில் சுரங்கக் கழிவாகக் கலந்த காட்மியம் பாசன நீர் வழியே நெல்லில் ஏறி, இத்தாய்-இத்தாய் என்னும் எலும்பு முறிக்கும் நோயை விளைத்தது. அவ்வாறு நஞ்சேறியவர்களின் சிறுநீரில் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற சிறு புரதம் மிகுந்து வெளியேறியது. அமிலத்தன்மையுள்ள சிறுநீரில் அது சிதைந்துவிடுவதால், பின்னர் ஆல்ஃபா-1 மைக்ரோகுளோபுலின் அதற்குத் துணையாக வந்தது. 1990களில் இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் அனுராதபுரம், மதவாச்சி, பதவியா பகுதிகளின் நெல் விவசாயிகளிடையே, சர்க்கரையோ இரத்தக் கொதிப்போ இன்றிச் சிறுநீரகம் செயலிழப்பது தெரியவந்தபோது, தொடக்க நிலை நோயாளிகளின் சிறுநீரிலேயே ஆல்ஃபா-1 மைக்ரோகுளோபுலின் உயர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டனர்; ஆல்புமின் கசிவோ சிறிதளவாகவே இருந்தது.

தமிழ்நாட்டிலும் இக்கவலைக்கு இடமுண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் மருத்துவர்கள் மாநிலத்தின் விவசாயத் தொழிலாளர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சோதித்தபோது, ஏறத்தாழ 5 விழுக்காட்டினருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு வழக்கமான காரணம் எதுவும் புலப்படவில்லை. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்தபின் நடக்கும் குறுவை நடவின் வெப்பம், வயலில் ஒதுங்க இடமின்றிப் பெண்கள் தண்ணீர் குடிப்பதைத் தவிர்ப்பது, முதுகுவலிக்குத் தொடர்ந்து விழுங்கும் வலி மாத்திரைகள், சேற்றுநீரில் பரவும் எலிக்காய்ச்சல் ஆகிய நான்கும் சிறுநீரகத்தை, சிறப்பாக நுண்குழலைத் தாக்க வல்லவை. நிறம் மாறும் சோதனைப் பட்டை பெரும்பாலும் ஆல்புமினையே உணர்வதால், இத்தகைய சேதத்தை அது தவறவிடக்கூடும்.

என்கால், கிம்-1 என்னும் புரதங்கள் நுண்குழல் காயத்தையும், ஆரோக்கியமான நுண்குழலே சுரக்கும் யூரோமோடுலின் என்னும் புரதம் எஞ்சியிருக்கும் திறனையும் உணர்த்துகின்றன. ஆனால் இவை இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களுக்குள்ளேயே உள்ளன.

தமிழ்நாடு அரசு 2023 ஜூலையில் தொடங்கிய ‘சிறுநீரகம் காக்கும் சீர்மிகு மருத்துவத் திட்டம்’ ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே பட்டை மூலம் சிறுநீர் ஆல்புமினைச் சோதிக்க வழிசெய்துள்ளது. வயல் வேலை செய்வோர் அறிகுறிக்குக் காத்திராமல் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இச்சோதனையைச் செய்துகொள்வதும், பட்டை நிறம் மாறாவிட்டாலும் இரத்தக் கிரியாட்டினினையும் பார்த்துக்கொள்வதும், ஐயம் எழுந்தால் மூன்று மாதம் கழித்து மீண்டும் சோதிப்பதும் இன்றியமையாதவை.